இங்கிலீஷ் கௌடௌ

வான்கூவரில் டெரெக்கின் கல்யாணத்தன்று அப்பா லோ குவோக்விங் கேட்டது ஒன்றுதான்.

"எனக்கும் அம்மாவுக்கும் ஒரு கௌடௌ பண்ணுடா."

பெற்றவர்கள் முன் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைக்கும் சீன மரியாதை அது.

"இங்கிலீஷ்ல கௌடௌன்னா மானங்கெட்டு ஒருத்தன் கால்ல விழுறதுப்பா. என் ஆபீஸ்காரங்க முன்னாடியா?"

"அப்ப இனி என் மூஞ்சியில முழிக்காதே!"

ஆறு வருடம் பேச்சில்லை.

இன்று கூடம் நிறைய ஆட்கள் பார்க்க, குவோக்விங்கே மகன் எதிரே மண்டியிட்டு நெற்றியைத் தரையில் முட்டினார்.

அவருடைய அக்கா பதறித் தோளைப் பிடித்தாள்.

"தம்பி, எழுந்திருடா! பெத்தவன் பிள்ளைக்குப் பண்ணக்கூடாது."

"இது நம்ம கௌடௌ இல்லக்கா. அவன் சொன்ன இங்கிலீஷ் கௌடௌ. கெஞ்சறேன்... ஒரு வார்த்தை பேசச் சொல்லு."

மூடாத சவப்பெட்டிக்குள் டெரெக் அசையாமல் படுத்திருந்தான்.