திரையில் ஒரு சிவப்பு

அலுவலகத்தில் வேலை எப்படி நகர்கிறது என்று மென்பொருளில் படம் போட நிபுணர் வந்து மூன்று மாதமாகிறது. எந்த வேலையும் ஒரு நிகழ்வில் தொடங்கி இன்னொரு நிகழ்வில் முடிய வேண்டும். முடியாவிட்டால் படத்தில் அந்த வேலைக்கான கட்டம் சிவப்பாகிவிடும். எல்லாம் பச்சையாகிவிட்டது, ஒரே ஒரு கோப்பைத் தவிர.

"இந்தக் கோப்பு வந்தா என்னம்மா பண்ணுவீங்க?"

"கையெழுத்து போட்டு மாடிக்கு அனுப்புவேன் சார்," என்றார் குமாஸ்தா அம்மாள்.

"அங்க?"

"நான் கையெழுத்து போட்டது சரிதானான்னு கேட்டு எனக்கே திருப்பி அனுப்புவாங்க."

"எத்தனை நாளா?"

"மூணு மாசமா."

"செக்குமாடு கூட சாயங்காலம் கொட்டகைக்குப் போகும்மா!"

"சார், அந்தக் கோப்பு எதைப் பத்தினதுன்னா..."

"எதைப் பத்தினதா இருந்தா எனக்கென்ன? அது முடியணும், அவ்வளவுதான்!"

நிபுணர் நேரே மேலாளர் அறைக்குப் போய்க் குதித்தார். "நிராகரிச்சாச்சுன்னு ஒரு வரி எழுதி இழுத்து மூடுங்க சார். படம் சுத்தமாயிடும்."

மேலாளர் கோப்பைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் எழுதிக் கையெழுத்துப் போட்டார். கட்டம் பச்சையானது. நிபுணருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அரை மணி நேரத்தில் குமாஸ்தா அம்மாள் தயங்கியபடி வந்து நின்றார்.

"சார், உங்க நுழைவு அட்டையை வாங்கிட்டு வரச் சொன்னாங்க."

"எதுக்கு?"

"அது உங்களை வேலைக்கு வச்சுக்கலாமான்னு அனுமதி கேட்ட கோப்பு சார்."

நிபுணர் திரையைத் திரும்பிப் பார்த்தார். மருந்துக்குக்கூடச் சிவப்பு இல்லை.