அப்பா கண்ணுக்குத் தப்பும் கால்

“கெண்டைக்கால்ல இன்னும் கொஞ்சம் சதை வைங்க சார். இப்படி ஒல்லியா இருந்தா எங்கப்பா ஒரே பார்வையில கண்டுபிடிச்சிடுவாரு.”

டிசைனர் மவுஸை உருட்டினார். திரையில் சாம்பல் நிறக் கால் ஒன்று மெல்லத் திரும்பியது. எதிரே உட்கார்ந்திருந்தவனின் இடது காலை ஸ்கேன் செய்து, கண்ணாடியில் தெரிவதுபோல் வலதாக மாற்றிய உருவம் அது. அதை அப்படியே அச்சடித்து, அவனுடைய வலது முழங்காலுக்குக் கீழே இருக்கும் உலோகக் குழாயின்மேல் உறையாக மாட்ட வேண்டும்.

“இது உங்க இடது காலோட அச்சு அசல். சதையைக் கூட்டினா சோடி சேராது. அது சரி, உங்கப்பா என்ன டாக்டரா?”

“துறைமுகத்துல மூட்டை தூக்கினவரு சார். முப்பது வருஷம் குனிஞ்சே நடந்தவரு, அடுத்தவன் காலைத் தவிர வேற என்னத்தைப் பார்த்திருப்பாரு? நடையை வச்சே எவன் முதுகுல எவ்வளவு சுமைன்னு சொல்லிடுவாரு.”

“அப்போ முழு பேன்ட்டைப் போட்டுக்குங்க. உறையே வேணாம்.”

“வீட்ல நான் என்னைக்கு பேன்ட் போட்டேன்? அரை டவுசர்தான். திடீர்னு போட்டா, ‘எங்கடா கிளம்பிட்டே’ன்னு கேட்பாரு.”

பையை மடியில் வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வாயைத் திறந்தாள். ஊரில் மாமனாரோடு இருந்துகொண்டு, வாரத்துக்கு ஒருமுறை பஸ் ஏறிப் புருஷனைப் பார்த்துவிட்டுப் போகிறவள்.

“மாமாகிட்ட சொல்லிடலாம்னா கேக்க மாட்டேங்கிறாரு சார். மறைச்சே ஆகணும்னு ஒத்தைக்கால்ல நிக்கிறாரு.”

“வேற எப்படி நிக்கிறது? இருக்கிறதே ஒண்ணுதானே” என்றான் அவன்.

யாரும் சிரிக்கவில்லை. அவன் டிசைனர் பக்கம் திரும்பினான்.

“துறைமுக வேலையில என்னைக் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டுப் போய்ச் சேர்த்துவிட்டதே அவருதான் சார். கிரேன்ல சிக்கிக் கால் போச்சு, வேலையும் போச்சுன்னு தெரிஞ்சா, தானே தள்ளிவிட்டதா நினைச்சுப் படுத்துடுவாரு. அப்புறம் எழுந்திரிக்க மாட்டாரு. வேலை ஜாஸ்தின்னு சொல்லிச் சொல்லி இத்தனை மாசம் ஊர்ப்பக்கமே போகல. இனிமே சொல்றதுக்குப் பொய் இல்ல.”

“சதையை விடுங்க சார்” என்றாள் மனைவி. “கணுக்கால்கிட்ட மட்டும் கொஞ்சம் இடம் விடுங்க. இல்லேன்னா உக்காந்து எழுந்திரிக்கும்போது உறை பாதத்துல இடிச்சு ‘டக்’குன்னு சத்தம் வரும். உறையை ஒட்டுப்பட்டி வச்சு மாட்டாதீங்க, பிரிக்கும்போது சத்தம் கேக்கும்; காந்தம் வைங்க. நிறத்தையும் டியூப் லைட்டுல பார்க்க வேணாம். வெயில்ல கொண்டுபோய்ப் பாருங்க.”

அவன் முழுசாகத் திரும்பி அவளைப் பார்த்தான். “உனக்கு எப்படிடி இதெல்லாம்?”

“போன்லதான் எல்லாம் வருதே.”

“அவங்க சொல்றது சரிதான்” என்றார் டிசைனர், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல்.

அடுத்த வாரம் உறை தயாராகிவிட்டது. அவன் அரை டவுசரோடு வந்து, மாட்டிக்கொண்டு, பட்டறையின் குறுக்கே நாலு நடை நடந்தான். வாசலில் இறங்கித் தெருவிலும் நடந்து பார்த்தான். ஒருத்தரும் திரும்பிப் பார்க்கவில்லை. பழம் விற்கிற பெண், “கொஞ்சம் தள்ளி நில்லுய்யா, வெளிச்சத்தை மறைக்காதே” என்று அதட்டினாள். அவனுக்கு வாயெல்லாம் பல்.

“கிட்ட வந்து தொட்டாதான் தெரியும்” என்றார் டிசைனர்.

“எங்கப்பா எழுந்து வந்து தொட்டுட்டாலும்! போன்ல முகத்தைக் காட்டும்போதுகூட நாற்காலியை விட்டு அசைய மாட்டேங்கிறாரு. சோம்பேறி ஆயிட்டாரு மனுஷன்.” அவன் மனைவியிடம் திரும்பினான். “நீ இரு. நான் போய் வண்டி பிடிச்சிட்டு வர்றேன். இன்னைக்கே ஊருக்குப் போயிடலாம்.”

அவன் தெருமுனையைத் தாண்டும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். பிறகு உள்ளே வந்து, மடித்து வைத்திருந்த பெரிய துணிப்பையை எடுத்து உதறினாள்.

“சீக்கிரம் சார், நான் ரகசியமா செய்யச் சொன்ன எங்க மாமாவோட கால் உறையையும் இதுல போட்டுடுங்க. சர்க்கரையில கால் எடுத்தது மகனுக்குத் தெரிஞ்சா, துறைமுக வேலையை விட்டுட்டு ஓடி வந்துடுவான்னு அவரும் பயந்துக்கிட்டுக் கிடக்கிறாரு.”