எப்போதும் சமன்

பாகூர் அரிசி ஆலை முதலாளி சிங்காரவேலு ரெட்டியாருக்கு ஒரு விஷயம் மட்டும் புரியவே இல்லை. அவர் கூலி கொடுத்து வைத்திருந்த கால்பந்து அணி, வில்லியனூர் முதலாளியின் அணியோடு கோப்பைக்காக எப்போது மோதினாலும் ஆட்டம் சமனில்தான் முடிந்தது.

இத்தனைக்கும் ஒப்பந்தத்தை இரு முதலாளிகளும் கூடி உட்கார்ந்துதான் எழுதினார்கள். தோற்ற அணிக்குக் கூலி கிடையாது. பயம் இருந்தால் கால் தானாக ஓடும் என்பது அவர்கள் கண்டுபிடித்த விஞ்ஞானம்.

கால்கள் நன்றாகத்தான் ஓடின. முடிவுதான் நகரவில்லை. ரெட்டியார் பந்தை மாற்றினார். கோல் கம்பத்துக்குப் பூசணிக்காய் சுற்றி உடைத்தார். கடலூரிலிருந்து நடுவரைக் காரில் கொண்டுவந்தார். அன்றும் ஒன்றுக்கு ஒன்று.

அணித்தலைவன் கலியனைக் கூப்பிட்டார்.

"இன்னாடா கலியா, பிரெஞ்சுக்காரன் வுட்டுட்டுப் போன கோப்பைடா அது. இந்தப் பொங்கலுக்காவது நம்ம ஊருக்கு வருமா?"

"கஷ்டம் மொதலாளி. நாம ஜெயிச்சா அவுங்க வூட்ல ஒலை கொதிக்காது."

"எதிரி வூட்டு ஒலை கொதிக்காட்டி உனக்கு இன்னாடா?"

"எதிரியா? ரெண்டு டீமும் ஒரே சங்கம் மொதலாளி. யாரும் தோக்கலன்னா எல்லாருக்கும் கூலி உண்டு. அதான் சமனாவே முடிக்கறதுன்னு தீர்மானம் போட்டோம்."

"சங்கத்துக்கு எவன்டா தலைவன்?"

"வில்லியனூர் கோல்கீப்பரு. நான் செயலாளரு."

ரெட்டியார் மேல்துண்டால் விசிறிக்கொண்டார்.

"சரிடா, நான் ஜெயிக்க இன்னாதான் வழி?"

"தோத்தாலும் கூலி உண்டுன்னு ரெண்டு மொதலாளியும் எழுதிக் குடுங்க. அன்னிலேர்ந்து நெசமா ஆடறோம்."