சார்ஜைக் குடித்தது யார்?

பேபி அக்காவின் போனில் ஒன்பது சதவீதம்தான் இருந்தது. அதைப் போய் பிளக்கிலிருந்து பிடுங்கி மேசை மேல் போட்டார் எங்கள் குடியிருப்புச் சங்கத்தின் செயலாளர் ரகுநாதன்.

அண்ணனூரில் நாற்பது வீடுகள் கொண்ட குடியிருப்பு எங்களுடையது. அத்தனை படிக்கட்டையும் தினமும் கூட்டித் துடைப்பவர் பேபி அக்கா. அவருடைய மகள் யுவராணி நிறைமாசமாக வேப்பம்பட்டு வீட்டில் தனியாக இருந்தாள். மருமகனுக்குப் பகல் ஷிப்ட். வலி எடுத்தால் அவள் கூப்பிட இருப்பது இந்த ஒரு போன்தான்.

இது ரகுநாதனுக்கும் தெரியும். தெரிந்தும் பிடுங்கினார் என்றால்?

"எதுக்கு அங்கிள் பிடுங்கினீங்க?" என்று கேட்டேன்.

"இது பொது ஹாலும்மா. பொது கரண்ட். இன்னைக்கு இவங்க போடுவாங்க, நாளைக்கு வாட்ச்மேன் போடுவார், அடுத்து பால்காரர் வருவார்."

"வரட்டுமே! நம்ம லிஃப்ட் நாலு தடவை ஏறி இறங்கற கரண்ட்ல ஒரு போன் முழுசா சார்ஜ் ஏறிடும். முதல் மாடிக்கே நீங்க லிஃப்ட்லதானே போறீங்க? அது மட்டும் உங்க சொந்த கரண்டா?"

"எனக்கு முழங்கால் வலி."

"அவங்களுக்குப் பொண்ணு வலி!"

"பாப்பா, மொதல்ல அந்த ஒயரைச் சொருவு. அப்பால சண்ட போடு" என்றார் பேபி அக்கா.

"இருங்கக்கா. இதை இப்படியே விடக் கூடாது."

ரகுநாதனும் விடுவதாக இல்லை. "காலையில நூறு சதவீதத்தோட வர்றாங்க. பதினோரு மணிக்கு ஒன்பது. எங்கே போச்சு மீதி? நாள் பூரா ரீல்ஸ் பார்த்தா சார்ஜ் எப்படி நிக்கும்? தப்பு கரண்ட்டுல இல்லம்மா, பழக்கத்துல."

"அவங்க ரீல்ஸ் பார்த்ததை நீங்க பார்த்தீங்களா?"

"பார்க்கணுமா? எங்க வீட்டுலயே பார்க்கறேனே."

பேபி அக்காவுக்கே பொறுக்கவில்லை. "இன்னா சார் நீ? ஒரு கையில தொடப்பம், ஒரு கையில பக்கெட்டு. ரீல்ஸ காலாலயா தள்ளிக்கினு கீறேன்?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எப்பேர்ப்பட்ட திமிர்! உழைக்கிறவள் கையில் போன் இருந்தாலே வேடிக்கை பார்க்கிறாள் என்று அர்த்தமா? எலக்ட்ரானிக்ஸ் மூன்றாம் வருஷம் படிக்கிற என்னிடம் இந்தக் கதை எடுபடுமா?

"அங்கிள், எந்த ஆப் எவ்வளவு சார்ஜைத் தின்னுதுன்னு போன்லயே தெரியும். இப்பவே திறந்து காட்டறேன். ரீல்ஸ் இல்லைன்னா, அக்காகிட்ட நீங்க மன்னிப்பு கேட்கணும்."

"தாராளமா."

"சார்ஜ் ஏழு ஆயிட்ச்சி பாப்பா" என்றார் பேபி அக்கா.

"ஒரு நிமிஷம்க்கா."

செட்டிங்ஸைத் திறந்தேன். பேட்டரி. எந்த ஆப் எவ்வளவு என்ற பட்டியல் வந்தது.

ரீல்ஸ் பூஜ்யம். சினிமா, பாட்டு எதுவும் இல்லை. போன் பேசியது இரண்டு சதவீதம்.

முதல் வரியில் இருந்தது எழுபத்தொன்று.

என் கட்டை விரல் தானாகப் போய் அந்த வரியை மறைத்தது.

ரகுநாதன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். "மேல என்னம்மா அது? விரலை எடு."

எடுத்தேன்.

எங்கள் சங்கத்தின் ஆப். வேலையாட்கள் வளாகத்துக்குள் இருக்கிறார்களா, வெளியே போனார்களா என்று நிமிஷத்துக்கு நிமிஷம் நாற்பது வீட்டுக்கும் காட்டுகிற ஆப்.

போன மாதக் கூட்டத்தில் அது வேண்டும் என்று வாதாடியவள் நான். "வேலைக்கு வர்ற பெண்களுக்கு அது பாதுகாப்பு" என்று பேசிக் கைதட்டல் வாங்கினேன். பேபி அக்காவின் போனில் அதை ஏற்றிக் கொடுத்ததும் நான்தான். இருப்பிடம் காட்ட 'எப்போதும் அனுமதி' என்று வைத்தேன். பேட்டரியை மிச்சப்படுத்தப் போன் அதை நிறுத்திவிடக் கூடாதே என்று அந்தக் கட்டுப்பாட்டையும் எடுத்துவிட்டேன். போன் பையில் தூங்கினாலும் அந்த ஆப் மட்டும் தூங்காது.

"நீங்களும்தானே அங்கிள் கை தூக்கினீங்க?" என்றேன்.

"தூக்கினேன். நீ பேசினதைக் கேட்டுத்தான் தூக்கினேன்."

பிறகு அவர் பேபி அக்கா பக்கம் திரும்பினார். "ரீல்ஸ்னு சொன்னது தப்பும்மா. மன்னிச்சுக்கோங்க." என் கையிலிருந்த போனை வாங்கி, முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து, அவரே பிளக்கில் சொருகினார். "அந்த ஆப்பை எடுத்துடு கவிப்பிரியா. கூட்டத்துல நான் சொல்லிக்கறேன்."

சண்டை முடிந்துவிட்டது. எனக்குள் மட்டும் கோபம் தணியவில்லை. யார் மேல் என்று தெரியாமல் பேபி அக்கா மேலேயே காட்டினேன்.

"ஏன்க்கா, ஒரு மாசமா சார்ஜ் நிக்கலன்னா என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

பேபி அக்கா போன் திரையில் ஏறுகிற எண்ணையே பார்த்துக்கொண்டு சொன்னார்:

"சொன்னேனே பாப்பா. 'ராத்திரி பூரா சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கினா இப்படித்தான்க்கா ஆவும், மொதல்ல உங்க பழக்கத்த மாத்துங்க'ன்னு சொல்லிக்கினே நீ வண்டிய எடுத்துக்கினு பூட்ட."