ஒன்பதாவது மாடி ஹெல்மெட்

காலையில் சூப்பர்வைசர் ஹெல்மெட்டைத் தட்டிப் பார்த்தார், பாதுகாப்பு பெல்ட்டை இழுத்துப் பார்த்தார், "எல்லாம் சரி" என்று எழுதிக்கொண்டு போனார். கம்பி கட்டும் வேலப்பனின் தலைக்குள் மூன்று நாளாக ஒரு குரல் "போதும், விட்டுடு" என்று முனகுவது அந்த மஞ்சள் ஹெல்மெட்டுக்கு மட்டும்தான் கேட்டது.

மதியச் சாப்பாட்டுக்கு எல்லாரும் இறங்கிவிட்டார்கள். ஒன்பதாவது மாடியின் விளிம்பில் வேலப்பன் தனியாக நின்று, பெல்ட்டின் கொக்கியைக் கழற்றினார். காற்றே இல்லை, ஆனாலும் கட்டடத்தைச் சுற்றிக் கட்டியிருந்த பச்சை வலை மூச்சு விடுவதுபோல் உப்பி அடங்கியது.

"பிடிச்சுக்கப்பா!" என்று பெல்ட்டிடம் கத்தியது ஹெல்மெட்.

"தவறி விழுறவரைப் பிடிப்பேன். கழற்றிவிட்டவரை நான் என்ன செய்ய?" என்றது பெல்ட்.

மேலிருந்து எது விழுந்தாலும் கீழே இருப்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள் என்பது ஹெல்மெட்டுக்குத் தெரியும். அதன் தாடை வார் தளர்ந்துதான் இருந்தது. அது தலையிலிருந்து நழுவி, ஒன்பது மாடி உயரத்திலிருந்து விழுந்து, செங்கல் குவியலில் பிளந்தது. அந்தச் சத்தத்தில் வேலப்பன் திடுக்கிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எவன்டா மேல?" என்று சூப்பர்வைசர் கத்தினார். கூட்டாளி சூசை சோற்றுக் கையோடு படியேறி ஓடினான்.

"என்னண்ணே?"

வேலப்பன் கழன்று தொங்கிய கொக்கியைப் பார்த்தார். சூசை தன் கொக்கியை அவருடைய பெல்ட்டில் மாட்டிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தான்.

"நான் எங்கயும் போகல. மெதுவா சொல்லுங்க."