சீசாவுக்குச் சலங்கை

"இன்னா கம்பவுண்டரே, ஆட்டுக்குக் கட்ற மணியை சீசாவுக்குக் கட்டிக் குடுத்தியே, அது அந்துபோச்சு. வேற ஒண்ணு குடு."

மந்தைவெளி தர்ம வைத்தியசாலையின் மருந்து ஜன்னலில் ஹாஜிரா பீ நின்றாள்.

கம்பவுண்டர் சிதம்பரநாதன் தலை நிமிராமல் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார்.

யுத்தத்தில் சீசாவுக்குப் பஞ்சம். ஜனங்கள் வீட்டிலிருந்து கொண்டுவருவதில்தான் குடிக்கிற மருந்தும் போகும், தேய்க்கிற தைலமும் போகும். கைக்கு இரண்டும் ஒன்றுதான். தைலத்தைக் குடித்துவிட்டு மாதம் நாலு பேராவது மூச்சுத் திணறி வந்தார்கள்.

அவர்களைக் கணக்கெடுக்க டாக்டர் சுந்தரவல்லி ஒரு நோட்டுப் போட்டார். தைலச் சீசாவின் கழுத்தில் சலங்கை மணி கட்டலாம் என்றது சிதம்பரநாதன்.

"சீசாவுக்குக் கல்யாணமா?" என்று ஜன்னலே சிரித்தது.

இரண்டு மாதமாக நோட்டில் புதுப் பெயர் இல்லை. தற்செயலாக இருக்கலாம், அத்தாட்சி இல்லையென்றால் மணி கட்டுவதைச் சனிக்கிழமையோடு நிறுத்தவும் என்று மேலேயிருந்து கடிதம் வந்திருந்தது.

"எப்படிம்மா அறுந்தது?"

"பேரன் இழுத்துட்டான். எங்க ஊட்டுக்காரரு அது இல்லாம சீசாவையே தொட மாட்டேங்கிறாரு. கண்ணுல புரை. போன வாரம் இருமலுக்குன்னு தடவி எடுத்தாரு, ஜல்லுன்னுச்சு. 'அடியே, இது முட்டிக்குத் தேய்க்கிறது'ன்னு கீழே வெச்சுட்டாரு."

சிதம்பரநாதனின் கை நின்றது.

"டாக்டரம்மா, இங்கே கொஞ்சம் வாங்க."

சுந்தரவல்லி வந்தார். இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டார். நோட்டைத் திறந்தவர் யோசித்தார்.

"இவரை எங்கே எழுதறது? குடிச்சவங்களுக்குத்தானே இடம் விட்டிருக்கோம்."

சிதம்பரநாதன் ரூல்தடியை எடுத்தார். முதல் பக்கத்துக்குப் போய், நடுவில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்தார். கோட்டுக்கு வலப்பக்கம், 'குடிக்காமல் வைத்தவர்கள்' என்று எழுதினார்.

"இதுதான் கடிதத்துக்குப் பதில்," என்றார் சுந்தரவல்லி. "இனிமே ஜன்னலுக்கு வர்ற ஒவ்வொருத்தரையும் கேளுங்க. இன்னும் எத்தனை பேர் இப்படின்னு பார்ப்போம்."

சிதம்பரநாதன் புது மணியைக் கட்டினார். இழுத்துப் பார்த்தார். மேலே இன்னொரு முடிச்சுப் போட்டார்.

"போதும் நைனா, யானையே இழுத்தாலும் வராது," என்று ஹாஜிரா பீ வாங்கிக்கொண்டாள். தெருமுனை வரைக்கும் ஜல்ஜல் கேட்டது.

பிறகுதான் அவர் மறுபடி பேனாவைத் தொட்டார்.

கோட்டுக்கு வலப்பக்கம் முதல் வரியில் அவள் வீட்டுக்காரர்: பீர் முஹம்மது, வயது ஐம்பத்தெட்டு, சுகம்.

அதே வரியில் இடப்பக்கம், பழைய மையில், அவருடைய எழுத்திலேயே: தேவானை, வயது முப்பத்தொன்று, பிழைக்கவில்லை. மருந்தென்று ஊற்றிக் கொடுத்தவர், புருஷன், சிதம்பரநாதன்.