சத்தியபாயின் கீரைக்கட்டு

பேட்டரிப் பட்டறைக் கழிவால் கெட்டுப்போன பாறசாலைக் குளத்தோடு மூன்று வருடம் மல்லுக்கட்டி ஓய்ந்திருந்தாள் ஜினி. ஆகாயத்தாமரை வேரில் அவள் வளர்த்த பாக்டீரியா, தண்ணீரிலிருந்த ஈயத்தை இழுத்துச் செடிக்குள் பூட்டிவிட்டது. போன மாதம் செடிகளைப் பறித்துக் கரையில் குவித்தவளுக்குக் குழிவெட்டிப் புதைக்கத் தெம்பில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று போய்க் காய்ச்சலில் படுத்துவிட்டாள்.

குளம் சுத்தமாகிவிட்டது என்று நேற்றுதான் சோதனை முடிவு வந்தது. இன்று சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. குளத்தங்கரை சத்தியபாய் காணிக்கையாக வைத்த கீரைக்கட்டுகளை ஏலத்தில் ஆளாளுக்குப் போட்டிபோட்டு எடுத்தார்கள். விருந்திலும் அந்தக் கீரைத் தோரன்தான். ஜினி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள்.

"மாமி, சீரை எப்பிடி இவ்வளவு செழிப்பா வந்துது?"

"எல்லாம் உனக்க கைராசியாக்கும் மக்களே! நீ பறிச்சுப் போட்ட செடிய அப்பிடியே சீரைக்க மூட்டுல உரமாப் போட்டேன்."

ஜினியின் கை இலையிலேயே நின்றுவிட்டது.

சத்தியபாய் குனிந்து, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்:

"பயப்படாண்டாம். குளத்துத் தண்ணி ஒரு சொட்டு ஊத்தேல்ல. அதுல வெஷம் உண்டுல்லா!"